வேலைக்குப் போகும் இளைஞர்களைத் தொண்டு நிறுவனம் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

ஒரு சிறிய டிரஸ்ட். மாலை நேரத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறது. ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஒரு பெண் வருகிறார். வயது இருபத்தாறு இருக்கும், ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. "ரொம்ப நாளா ஏதாவது செய்யணும்னு ஆசை சார், என்ன வேலைன்னாலும் சொல்லுங்க" என்கிறார். அன்று மதியம் பிள்ளைகளுக்கு யாரோ சாப்பாடு கொடுக்கிறார்கள். "வாங்கம்மா, பரிமாறுங்க" என்று சாம்பார் வாளியைக் கையில் கொடுக்கிறார்கள். அவரும் சந்தோஷமாகப் பரிமாறுகிறார். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவருடைய எண்ணை வாட்ஸ்ஆப் குழுவில் சேர்க்கிறார்கள். அடுத்த சனிக்கிழமையும் வருகிறார். மூன்றாவது சனிக்கிழமை வரவில்லை.

அதே டிரஸ்டின் பீரோவில், ஒரு வருட நன்கொடை ரசீதுகள் துணிப்பையில் கட்டிக் கிடக்கின்றன. அதையெல்லாம் யார் கணக்கில் ஏற்றப்போகிறார்கள் என்ற கவலையில் நிர்வாகிக்குத் தூக்கம் வருவதில்லை.

சின்ன அமைப்புகளுக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துவிடும் வேலையை நான் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். இந்தக் காட்சியை வேறு வேறு ஊர்களில், வேறு வேறு முகங்களோடு பலமுறை பார்த்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு மனம் இல்லாமல் போகவில்லை, டிரஸ்ட்காரர்களும் நல்லவர்கள்தான். அவருக்கு என்ன தொழில் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இளைஞர்களை நம் அமைப்போடு சேர்த்துக்கொள்வது என்றால் என்ன என்பதற்கு, என் அனுபவத்தில், பாதி விடை அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தொண்டு நிறுவனம் என்று நாம் பொதுவாகச் சொல்வது சட்டப்படி மூன்று வடிவங்களில் இருக்கலாம்: டிரஸ்ட், சங்கம், கம்பெனிகள் சட்டத்தின் 8-வது பிரிவில் பதிவான கம்பெனி. மூன்றுக்கும் பொதுவான விஷயம், மிச்சமாகும் பணத்தை நடத்துகிறவர்கள் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது என்பது.

சமூகத் தொழில்முனைவு கொஞ்சம் வேறு. அங்கே ஒரு பொருளையோ சேவையையோ விற்று வருமானம் பார்ப்பார்கள், ஆனால் அந்த வியாபாரம் நடப்பதே ஒரு சமூகத் தேவைக்காக. நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுகிற கட்டணம், கட்ட முடியாதவர்களின் சிகிச்சைக்கும் சேர்த்து ஈடு கொடுக்கிறது. 1992-ல் ஆரோலேப் என்ற உற்பத்திப் பிரிவைத் தொடங்கி, அதுவரை வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த, கண்புரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்சை மதுரையிலேயே பல மடங்கு குறைந்த விலைக்குச் செய்தார்கள். இரக்கத்தோடு உற்பத்தியும் கணக்கும் திட்டமிடலும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

இளம் தொழில்முறையாளர் என்று நான் சொல்வது, படிப்பு முடித்து நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்களை. ஐடி, வங்கி, ஆடிட், சட்டம், மருத்துவமனை, விளம்பரம், கட்டுமானம், எந்தத் துறையாகவும் இருக்கலாம். கல்லூரி மாணவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மாணவர்களிடம் நேரம் இருக்கும், தொழில் இன்னும் கைக்கு வந்திருக்காது. இவர்களிடம் தொழில் இருக்கிறது, நேரம்தான் வாரத்தில் மூன்று மணி. அந்த மூன்று மணியை நாற்காலி எடுத்துப் போடச் சொன்னால் யாருக்கும் பயன் இல்லை. பரிமாறுவது தாழ்ந்த வேலை என்று நான் சொல்லவில்லை. அதைப் பிள்ளைகளின் அம்மாக்களே நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

வேலையில் இருந்துகொண்டே தொண்டு செய்வது புதிய விஷயமும் இல்லை. குழந்தைகளின் உரிமைக்காக வேலை செய்யும், இன்று இந்தியா முழுவதும் தெரிந்த 'க்ரை' அமைப்பை 1979-ல் மும்பையில் தொடங்கிய ரிப்பன் கபூர் அப்போது விமானப் பணியாளர், வயது 25. கையில் 50 ரூபாய், கூடச் சில நண்பர்கள். வாழ்த்து அட்டைகள் விற்றுப் பணம் சேர்த்தார்கள். சென்னையில் 2006-ல் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த 'பூமி' அமைப்பு, வார இறுதியில் குழந்தைகள் இல்லங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இளைஞர்களை நம்பியே வளர்ந்தது. அருண் கிருஷ்ணமூர்த்தி கூகுள் வேலையை விட்டுவிட்டு ஏரிகளைச் சுத்தம் செய்யும் பணியில் முழுநேரமாக இறங்கினார். சென்னை கீழ்க்கட்டளை ஏரிப் பணிக்காக 2012-ல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. 2015 டிசம்பர் வெள்ளம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சிலர் படகிலும் லாரியிலும் போனார்கள். சிலர் வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறிக்கக்கூடிய இணைய வரைபடத்தைத் தயார் செய்தார்கள். அந்த வரைபடமும் நிவாரணப் பணிதான். தனக்குத் தெரிந்த தொழிலையே உதவியாகக் கொடுப்பது என்றால் இதுதான்.

எல்லைக்கோடு போட்ட வேலை

சரி, நன்கொடை ரசீதுகள் கிடந்த அந்தத் துணிப்பைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வேலையை எப்படி வெட்டிக் கொடுப்பது என்பது இதில் நன்றாகத் தெரியும்.

80ஜி என்று சொல்லப்படும் வரிச்சலுகை அனுமதி உள்ள அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால், கொடுத்தவர் பழைய வரி முறையில் இருந்தால் வருமான வரியில் கழிவு கேட்கலாம். முன்பு ரசீது கையில் இருந்தால் போதும். 2021-22 நிதியாண்டிலிருந்து விதி மாறியது. யார், எவ்வளவு, எந்த வழியில் கொடுத்தார்கள் என்ற பட்டியலை, கொடுத்தவரின் பான் போன்ற அடையாள எண்ணோடு, அமைப்பே வருமான வரித்துறைக்கு இணையவழியில் அனுப்ப வேண்டும் என்றார்கள். 10பிடி என்று அதற்கு ஒரு படிவம் வந்தது. நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் அனுப்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். ஐந்நூறு, ஆயிரம் என்று நூறு பேர் கொடுக்கும் பணத்தில் ஓடுகிற அமைப்புக்கு இது பெரிய சுமை. ரசீதில் "ரமேஷ், 500" என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த ரமேஷ்?

இப்போது அந்த ஆடிட்டர் அலுவலகப் பெண்ணிடம் இப்படிக் கேட்டிருக்கலாம்: "ஜனவரியில் ஆறு வாரம், சனிக்கிழமை தோறும் இரண்டரை மணி நேரம் வர முடியுமாம்மா? இந்த வருட ரசீதுகளை எக்செல்லில் ஏற்ற ஒரு தாள் போட்டுத் தர வேண்டும். பான் எண் இல்லாதவர்களுக்கு எங்கள் அலுவலகத்துப் பெண்ணே போன் செய்து வாங்கிவிடுவார். அப்புறம் அந்தத் தாளை எப்படித் தொடர்ந்து எழுதுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். படிவத்தில் கையெழுத்தும் பொறுப்பும் எங்களுடையது."

இந்தக் கேள்விக்குள் ஐந்து விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. என்ன வேலை, எவ்வளவு நாள், எங்கே முடிகிறது, கூட யார் இருப்பார், பொறுப்பு யாருடையது. வருகிறவர் தன் நாட்குறிப்பைப் பார்த்து முடியும், முடியாது என்று நேராகச் சொல்லலாம். முடிவு இருக்கிற வேலைக்கு ஆள் கிடைப்பது சுலபம். "எப்ப வேணா வாங்க, என்ன வேணா செய்யுங்க" என்று கேட்பது பெருந்தன்மையாகத் தோன்றும், ஆனால் வருகிறவருக்கு எங்கே கால் வைப்பது என்றே தெரியாது.

ஏன் ஜனவரி என்றேன்? ஆடிட்டர் அலுவலகத்தில் ஏப்ரலில் வங்கித் தணிக்கை, ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன், செப்டம்பரில் தணிக்கை அறிக்கை என்று வருடம் முழுக்க நெருக்கடி மாதங்கள் இருக்கின்றன. மே மாதம் இருபதாம் தேதி பதறியடித்துக் கேட்டால் யாரால் வர முடியும்? மற்றத் துறைகளுக்கும் இப்படி ஒரு பருவம் உண்டு. ஐடியில் ரிலீஸ் நடக்கிற வாரம், வங்கியில் மார்ச் கடைசி, கடைகளில் தீபாவளிக்கு முந்தைய மாதம். முதல் சந்திப்பிலேயே "உங்களுக்கு எந்த மாதம் மூச்சு விட முடியாது?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்டாலே தன் வேலையை இவர்கள் மதிக்கிறார்கள் என்று வந்தவருக்குத் தெரிந்துவிடும்.

சமூகத் தொழில் நடத்துகிறவர்களுக்குத் தேவைப்படும் உதவி பெரும்பாலும் விலை, விற்பனை பக்கம் இருக்கும். ஒரு பெண்கள் குழு சிறுதானிய பிஸ்கட் செய்து பாக்கெட் 60 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவு, வெல்லம், எண்ணெய், பாக்கெட் எல்லாம் கணக்குப் போட்டிருப்பார்கள். தங்கள் கூலியைப் போட்டிருக்க மாட்டார்கள், ஆட்டோ வாடகையை மறந்திருப்பார்கள். மளிகைப் பொருள் விற்கும் கம்பெனியில் சேல்ஸ் வேலை பார்க்கும் ஒரு பையன் ஒரு மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்தால், ஒரு பாக்கெட்டுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது, கடைக்காரருக்கு எவ்வளவு விட வேண்டும் என்று பார்த்துவிடலாம். அதற்காக அவன் முடிவெடுக்கக் கூடாது. விலையை ஏற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதைக் குழுவின் அக்காக்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அவர்கள் வாடிக்கையாளரை அவர்களுக்குத்தான் தெரியும்.

போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்

நல்ல மனதோடு செய்த உதவி பின்னால் தலைவலியாக மாறுவது இந்த இடத்தில்தான். ஒருமுறை நான் உடன் இருந்த ஒரு அமைப்புக்கு ஒரு இளைஞர் அழகான இணையதளம் செய்து கொடுத்தார். தளத்தின் பெயரைப் பதிவு செய்தது அவருடைய சொந்த மின்னஞ்சலில். இரண்டு வருடம் கழித்து அவர் வெளிநாடு போய்விட்டார், எண் மாறிவிட்டது, புதுப்பிக்கும் தேதி வந்தபோது யாரிடமும் கடவுச்சொல் இல்லை. தளம் போய்விட்டது. தவறு அவருடையது என்று நான் நினைக்கவில்லை. முதல் நாளே அமைப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, எல்லாவற்றையும் அதில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்.

அதனால் இப்போது தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் அமைப்புக்குள் இருக்கும் ஒருவரை இணையாகப் போடச் சொல்கிறேன். அவர் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும், கடைசி வாரம் அவரே செய்து காட்ட வேண்டும். தன்னார்வலர் போன பிறகும் அந்த வேலை ஓடினால்தான் அது உதவி. பயனாளிகளின் பெயர், ஃபோன் எண், மருத்துவ விவரம் யாருடைய சொந்த மடிக்கணினியிலும் தங்கக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

பிள்ளைகளோடு பழகும் அமைப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். இளைஞர்கள் பாசத்தோடு செல்ஃபி எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவார்கள். இல்லங்களில், பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ம் வருடச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை ஒரு வேலைக்குப் போகும்போது, "இல்லத்தில் வளர்ந்தவன்" என்று சொல்லும் படம் அவன் சம்மதம் இல்லாமல் இணையத்தில் கிடக்கலாமா? முதல் நாள் அரை மணி நேரம் உட்கார வைத்து இதையெல்லாம் சொல்ல வேண்டும். பிள்ளையோடு தனி அறையில் இருக்கக்கூடாது, பரிசுப் பொருள் தனியாகக் கொடுக்கக்கூடாது, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது வரை. நல்லவர்கள் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பஸ்ஸில் வரும் நாற்பது பேர்

ஒரு கம்பெனியிலிருந்து ஃபோன் வரும்: "எங்க டீம்ல நாற்பது பேர், அடுத்த வெள்ளிக்கிழமை வரோம், ஏதாவது ஆக்டிவிட்டி கொடுங்க." பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மரக்கன்று நடுவார்கள். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் சின்ன அமைப்புக்கு இருக்காது. சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்காக ஒதுக்கும் பணம் வரும் என்ற எதிர்பார்ப்பு.

இங்கே சட்டத்தைப் புரிந்துகொள்வது நல்லது. 2013-ம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஊழியர்கள் கொடுக்கும் நேரத்துக்கு ஒரு விலை போட்டு, அந்த 2 சதவீதத்தில் காட்ட முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. அதாவது, ஊழியர்கள் வருவது ஒரு விஷயம், பணம் வருவது இன்னொரு விஷயம். இரண்டையும் தனித்தனியாகப் பேசலாம். "நாற்பது பேர் வருவதற்கு எங்கள் ஆட்கள் இரண்டு நாள் ஓடியாட வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வந்தவர்களை அப்படியே அனுப்பிவிடவும் வேண்டாம். நாற்பது பேரில் மூன்று பேர் சுவர் அடித்துக்கொண்டே உங்களிடம் நிறையக் கேள்வி கேட்பார்கள். சாயங்காலம் அந்த மூன்று பேரின் பெயரையும், என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை நீண்ட நாள் நிலைக்கிற தன்னார்வலர்கள் பாதிப்பேர் இப்படிக் கிடைத்தவர்கள்தான்.

முழு நேரமாகவே வர விரும்புகிறவர்களுக்கு ஃபெலோஷிப் என்று ஒரு வழி இருக்கிறது. 2009-ல் முதல் அணியை மும்பை, புனே வகுப்பறைகளுக்கு அனுப்பிய டீச் ஃபார் இந்தியா இரண்டு வருடம் ஆசிரியராக இருக்கச் சொல்கிறது. 2011-ல் தொடங்கிய எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா 13 மாதம் கிராமத்தில் தங்கி வேலை செய்ய வைக்கிறது. மாதாமாதம் உதவித்தொகை உண்டு. வேலையை நிரந்தரமாக விடுவதற்கு முன் இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க இது நல்ல இடம்.

சம்பளத்துக்குச் சேர்க்கும்போது தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "சேவைதானே, பணமெல்லாம் பார்க்கலாமா" என்ற பேச்சு என்னை இன்றும் வருத்தப்படுத்துகிறது. கல்விக் கடன் கட்டுகிற, தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டிய பிள்ளையிடம் அதைச் சொன்னால், கடைசியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தொண்டு செய்ய முடியும் என்றாகிவிடும். குறைந்த சம்பளம்தான் தர முடியும் என்றால் அதையும் நேராகச் சொல்லலாம். வார விடுமுறை, பயணப்படி, சொன்ன நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்ற உறுதி ஆகியவற்றை எவ்வளவு சின்ன அமைப்பும் கொடுக்க முடியும். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், இருட்டுவதற்குள் பஸ் ஏறும்படி முடிகிற கூட்டமும் இருந்தால், உங்கள் அமைப்புக்கு வரும் பெண்களின் எண்ணிக்கையே மாறும்.

இன்னொன்று, முடிவெடுக்கும் இடத்தில் ஒரு நாற்காலி. பல டிரஸ்ட்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். தொடங்கியவர்கள் அவர்கள், அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து வந்த ஒருவரை அறங்காவலர் கூட்டத்துக்கு ஒருமுறையாவது அழைத்து, வரவு செலவைக் காட்டி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறோமா? உடனே அறங்காவலராக்க வேண்டியதில்லை, அதில் சட்டப் பொறுப்பும் இருக்கிறது. முதலில் கூட்டத்தில் உட்காரட்டும். அடுத்த வருடம் ஒரு சின்னத் தொகையை, பத்தாயிரமோ இருபதாயிரமோ, அவர் பொறுப்பில் ஒரு வேலைக்கு ஒதுக்குங்கள். பணம் எதற்குப் போக வேண்டும் என்று ஒருமுறை தீர்மானித்தவர், அதற்குப் பிறகு அந்த அமைப்பை 'உங்க டிரஸ்ட்' என்று சொல்வதை நிறுத்திவிட்டு 'நம்ம டிரஸ்ட்' என்று சொல்ல ஆரம்பிப்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் அமைப்பு நடத்துகிறவர் இல்லை, உதவ நினைக்கும் இளைஞர் என்றால், முதல் நாள் போகும்போது "என்ன வேலைன்னாலும் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். "நான் இந்த வேலை பார்க்கிறேன், மாதம் இத்தனை மணி நேரம் தர முடியும், உங்களுக்கு இப்போது எது ரொம்ப இடிக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை பேசாமல் காத்திருங்கள். முதல் இரண்டு முறை வெறுமனே உட்கார்ந்து பாருங்கள். உங்கள் ஆபீஸில் ஓடுகிற முறை இங்கே ஓடாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கும். ஒப்புக்கொண்ட நாளில் வர முடியாவிட்டால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அங்கே உங்களுக்காக ஒருவர் வேறு வேலையை ஒத்திவைத்துவிட்டுக் காத்திருப்பார்.

அமைப்பு நடத்துகிறவர்களுக்கு, தொடங்குவதற்கு ஒரு மாதிரி தருகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு இளைஞருக்கு, குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள். இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"வணக்கம் தம்பி. நம் மையத்தில் படித்து முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்ற பட்டியல் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்றி, வருடா வருடம் நாங்களே புதுப்பிக்கும்படி செய்துகொள்ள வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டு. உங்களோடு எங்கள் ஆசிரியை ஒருவர் உட்காருவார். பயணச் செலவு தருகிறோம். முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், அடுத்த வருடம் கேட்கிறேன்."